அடித்தால் ஏறும் மலை

கொடங்கிமலைக்கு ஜீப்பில் போனவர்கள் யாரும் அடி விழாமல் போய்ச் சேர்ந்ததில்லை. தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பதுபோல அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அது. அடிவாரத்திலிருந்து, ரோடு வளைந்து திரும்புகிற ஆறு முடக்குவரைக்கும் வண்டி எந்த மலையிலும் ஏறுவதுபோலத்தான் ஏறும்; ஏழாவது முடக்குக்கு நரிமுடக்கு என்று பேர், அங்கே வந்ததும் இன்ஜின் முக்கும், சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், ரப்பர் தீயும் நாற்றம் வரும், உள்ளே இருப்பவர்களில் ஒருத்தர் இன்னொருத்தரை மனசறிந்த கோபத்தோடு ஒரு அடி அடிக்கிறவரைக்கும் வண்டி ஒரு சாண்கூட நகராது. அடி விழுந்தால் ஏறும். அடுத்த முடக்கில் அடி வாங்கியவர் அடிக்க வேண்டும். அதற்கடுத்ததில் மறுபடியும் இவர். இப்படியே மாறிமாறிப் பதினெட்டாவது முடக்கில் மேலக்கொடங்கி ஊர் வரும்போது, வந்தவர்கள் கன்னத்தைத் தடவிக்கொண்டே இறங்குவார்கள், கடையில் டீ குடிப்பார்கள், அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள்.

ஒன்பது வருசத்துக்கு முன்னால், பெரிய மழை பெய்த வருசம் இது ஆரம்பித்தது. ஏழாவது முடக்கில் காலையிலிருந்து நின்றுபோன ஒரு ஜீப்புக்குள், தன் தங்கச்சிக்கு மட்டும் வளையல் வாங்கிக் கொடுத்திருந்த புருசனை ஒரு பொம்பளை பளீரென்று அறைய, வண்டி தூக்கத்தில் தேள் கொட்டினவன்போலத் துள்ளி மேலே ஏறியது. ஏன் என்று யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. ஏன் என்று யோசித்தால் ஏலக்காய் காயுமா, மிளகு சந்தைக்குப் போகுமா. ரோட்டைப் பார்க்க ஒரு இன்ஜினியர் வந்தார், மண்ணைக் கிள்ளிப் பாட்டிலில் போட்டார், கம்பியை நட்டு அளந்தார், சாயங்காலம்வரைக்கும் அங்கேயே நின்றார், கடைசியில் அவருடைய குடையைப் பிடித்துக்கொண்டு பதினாலு வருசம் பின்னாலேயே நடந்த உதவியாளர் குடையைக் கீழே வைத்துவிட்டு அவர் முதுகில் ஒரு குத்து விட்டார். வண்டி அன்றைக்கு ஏறின வேகத்தை இன்னும் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஊர் அதற்கேற்ப வளைந்துகொண்டது. அடிவார ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுகிறவர்கள், “சக்களத்தி ரெண்டு பேரு ஏறியாச்சு, கூட ஒரு பங்காளி வந்தா வண்டி கெளம்பிரும்!” என்று கத்தினார்கள். வரப்புத் தகராறு உள்ளவர்களுக்கு முன் சீட்டு. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் முதல் சண்டை வரும்வரைக்கும் அடிவாரத்தில் பெண் வீட்டிலேயே தங்க வேண்டியிருந்தது, மாமியார்க்காரி மேலேயிருந்து ஆள் விட்டு, “இன்னுமா சண்டை வரல?” என்று கேட்டனுப்புவாள். பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் இரண்டு பேர் ஒரு நாற்காலிக்காகப் போட்ட சண்டையை, மணி அடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று, கன்றுக்குட்டியை வளர்ப்பதுபோலத் தண்ணி காட்டி வளர்த்தார்கள். பஞ்சாயத்தில் சமாதானம் பேசுவது நின்றுபோனது. சமாதானம் ஆனவன் நடந்து வர வேண்டியதுதான். மலைக்கும் ஒரு நியாயம் இருந்தது, திருப்பி அடிக்க முடியாதவர்களை அடித்தால் ஒத்துக்கொள்ளாது. எட்டு வயசுப் பையனை அறைந்த ஒருத்தனுடைய வண்டி மூன்று முடக்கு பின்னாலேயே உருண்டு ஓடைக்குள் கிடந்தது, பையன் மட்டும் சிராய்ப்பில்லாமல் கொய்யா மரத்தில் உட்கார்ந்திருந்தான்.

அந்த மலையிலேயே பெரிய சோடி ஒச்சப்பனும் பவுன்ராசும். சாதாரணச் சுமைக்கு அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. மாவு மில்லுக்கு இயந்திரம் ஏற்ற வேண்டும், கரண்டு கம்பத்துக்குப் பெரிய இரும்புப் பெட்டி ஏற்ற வேண்டும், மாரியம்மன் கோயிலுக்குக் கல்லுச் சிலை ஏற்ற வேண்டும் என்றால்தான் இவர்கள் வருவார்கள். ஒச்சப்பன் கையை ஓங்கினாலே வண்டி முன்சக்கரத்தைத் தூக்கும் என்பார்கள். ஒன்பது வருசத்தில் பவுன்ராசுக்கு நாலு பல் போயிருந்தது, ஒச்சப்பனுக்கு இடது காது கேட்காது. மற்ற நேரத்தில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பீடிக்கட்டிலிருந்து பீடி குடிப்பார்கள். அறுபத்தாறு வயசில் வேறு யார் இருக்கிறார்கள் குடிக்க.

ஒச்சப்பனின் கோபம் மலையின் கோபத்தைவிடப் பழசு. முப்பத்தொரு வருசத்துக்கு முன்னால் அவரிடம் சொந்த ஜீப் இருந்தது, பவுன்ராசு அதில் கிளீனர். மேட்டில் வண்டியை நிறுத்தினால் கிளீனர் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்துவிட்டு, “வச்சாச்சு!” என்று குரல் கொடுக்க வேண்டும், அந்தக் குரலைக் கேட்டுத்தான் டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பான். மலையில் டிரைவருக்குக் கண் முன்னால், உயிர் பின்னால். அன்றைக்கு நரிமுடக்கில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார்கள். “வச்சாச்சு” என்றது குரல். ஒச்சப்பன் காலை எடுத்துவிட்டுக் கீழே குதித்தார். வண்டி பின்னாலேயே போனது. மிளகு மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்திருந்த அவர் பெண்சாதி சிட்டம்மா, என்ன நடக்கிறது என்று கேட்கிற முகத்தோடு அவரைப் பார்த்துக்கொண்டே போனாள். வண்டி நாலு தடவை உருண்டது.

பவுன்ராசு, வைத்தேன், கல் நழுவிவிட்டது என்றார். அன்றைக்கும் அதைத்தான் சொன்னார், அடுத்த நாளும், பதினாறாம் நாளும், முப்பத்தொரு வருசமும். ஒச்சப்பன் அன்றைக்குச் சிட்டம்மாளைச் சாக்கில் கிடத்திவிட்டு அந்த முடக்கில் ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்த்தார், டயர் ஏறின தடம் ஒன்றிலும் இல்லை. அவருக்குப் பணம் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். வைக்கவில்லை என்கிற ஒரு சொல் பவுன்ராசு வாயிலிருந்து வர வேண்டும். அந்தச் சொல் வராதவரைக்கும், பிரேக்கிலிருந்து எடுத்தது தன் கால்தான் என்பது மட்டும் அவரிடம் மிச்சமிருந்தது.

இப்போது மேலக்கொடங்கிப் பெண்களுக்கு அலுத்துப்போயிருந்தது. குருவம்மாள் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, “கன்னம் வலிக்குதுய்யா. ஒம்பது வருசமா ரேசன் அரிசிக்கு அடி, பிரசவத்துக்கு அடி. மேக்கால வெள்ளக்காரன் போட்ட தேயிலை ரோடு ஒண்ணு கெடக்குதே, மலைக்கு அந்தப் பக்கம் இறங்குது, அதுல போயிப் பாத்தா என்ன?” என்றாள். முப்பது நாற்பது வருசமாக யாரும் போகாத காட்டு ரோடு. பாலம் இருக்கிறதா, மண் இருக்கிறதா தெரியாது. ஓட்டிப் பார்த்துவிட்டு வர இன்னாசியைச் சொன்னார்கள். இன்னாசிக்கு ஐம்பது வயசு, மலையிலேயே எதிரி இல்லாத ஒரே மனுசன், அதனாலேயே அவனை யாரும் பயணியாக ஏற்றுவதில்லை, டிரைவராக மட்டும் வைத்துக்கொண்டார்கள். துணைக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று, பெரிய சோடியையும் ஏற்றிவிட்டார்கள். ஒச்சப்பன் மறுபேச்சு பேசாமல் ஏறினார். வியாழக்கிழமை பவுன்ராசு திருப்பூருக்கு மகன் வீட்டோடு தங்கப் போகிறார், இனி வரமாட்டார். மேற்கு ரோடு திறந்துவிட்டால் இனி அடிக்கவும் காரணம் இருக்காது. கேட்க வேண்டியதை இன்றைக்குத்தான் கேட்க வேண்டும்.

விடிந்ததும் கிளம்பினார்கள். டீசல் கேன் இரண்டு, மண்வெட்டி, அரிவாள், வடக்கயிறு, குருவம்மாள் கட்டிக் கொடுத்த புளிச்சோறு. தைலப்புல் ஜீப்புக்கு மேலே வளர்ந்து கிடந்தது, வண்டி அதற்குள் முங்கி முங்கிப் போனது, யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது, விழுந்த மரத்தை வெட்டித் தள்ளினார்கள், மண் சரிந்த இடத்தில் ஒரு பக்கச் சக்கரம் காற்றில் நிற்க இன்னாசி மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினான். கூரை பெயர்ந்த தேயிலைக் கொட்டகைவரைக்கும் ஒருத்தரும் ஒருத்தரையும் அடிக்கவில்லை.

“பாத்தீகளாண்ணே, இந்த ரோடு சொக்கத்தங்கம்,” என்றான் இன்னாசி. “நீங்க ரெண்டு பேரும் சும்மா மாப்பிள்ளை மாதிரி உக்காந்து வரலாம்.”

சொல்லி வாய் மூடவில்லை, கொட்டகைக்குப் பின்னால் இருந்த மேட்டில் வண்டி முக்கி நின்றது. சக்கரம் சுற்றியது. ரப்பர் நாற்றம் வந்தது.

“ஆண்டவரே, இங்கயுமா?”

“எறக்கி ஓட்டுடா, கியர மாத்து,” என்றார் பவுன்ராசு.

“கியர்ல ஒண்ணும் இல்லண்ணே. இது அதுதான்.”

பவுன்ராசு ஒரு பெருமூச்சு விட்டு, வாயிலிருந்த பீடியை எடுத்து வெளியே போட்டுவிட்டு, ஒச்சப்பன் பக்கம் திரும்பினார். “மாப்ள, போன தடவை கடேசி அடி ஒன்னோடது. இப்ப என் மொறை.”

“அடி,” என்றார் ஒச்சப்பன்.

“முப்பத்தொரு வருசமா ஊரெல்லாம் என்னையக் கொலகாரன்னு சொல்லிக்கிட்டுத் திரியிற வாயிடா இது,” என்று சொல்லிக்கொண்டே பவுன்ராசு அந்த வாயிலேயே குத்தினார். உதடு கிழிந்தது. வண்டி ஏறியது.

கிழக்கு மலையில் ஒரு முடக்குக்கு ஓர் அறை போதும். மேற்கு மலை பட்டினி கிடந்த மலை. இரண்டாவது மேட்டில் அறைக்கு அது அசையவில்லை, ஒச்சப்பன் முஷ்டியை மடக்கி விலாவில் இறக்கின பிறகுதான் ஏறியது. ஐந்தாவது மேட்டில் பவுன்ராசு அவருடைய தலைமயிரைப் பிடித்து முன்கம்பியில் மோதினார். ஆறாவது மேட்டில் ஒச்சப்பனின் முழங்கை பவுன்ராசுவின் மூக்கை ஒடித்தது, சத்தம் காய்ந்த சுள்ளியை ஒடித்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் வண்டி ஏறியது, ஏறி சமதரைக்கு வந்ததும் மூன்று பேரும் மூச்சு வாங்கினார்கள், துண்டால் துடைத்தார்கள், தண்ணீர்க் கேனை இவர் அவருக்கும் அவர் இவருக்கும் நீட்டினார்கள். புல்வெளியில் ஒரு காட்டுமாட்டுக் கூட்டம் மேய்வதை நிறுத்திவிட்டு இவர்களைப் பார்த்தது. பார்க்கப் பிடிக்காததுபோல ஒவ்வொன்றாகத் திரும்பிப் போனது.

இன்னாசிக்குப் பொறுக்கவில்லை. எட்டாவது மேட்டில், “அண்ணே, ஒரு தடவை நான் அடிச்சுப் பாக்குறேன், நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் ஆறுங்க,” என்று பவுன்ராசுவின் கன்னத்தில் ஒன்று போட்டான். ஈயை விரட்டுகிற அடி. வண்டி ஒரு முழம் பின்னால் வந்தது.

பவுன்ராசு ஒடிந்த மூக்கோடு சிரித்தார். “டேய், எங்காத்தா தலை வாருனதுகூட இதைவிட வலிச்சிருக்குடா.”

“என்னண்ணே செய்ய, ஒங்களப் பாத்தாக் கோவம் வரமாட்டேங்குதே.”

“எனக்கு வரும்,” என்றார் ஒச்சப்பன்.

உச்சி வெயிலில் ஓர் ஓடைக்கரையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஓடையில் முகம் கழுவினார்கள், தண்ணீர் சிவப்பாக ஓடிப் பிறகு தெளிந்தது. பவுன்ராசுவுக்குப் பாதிப் பல்லில் மெல்ல முடியவில்லை, ஒச்சப்பன் தன் பங்கில் இருந்த குழைந்த சோறாகப் பார்த்து எடுத்து அவர் இலையில் வைத்தார். வைத்துவிட்டுத்தான் கேட்டார்.

“வியாழக்கெழம போற. இனி நீ எங்கயோ நான் எங்கயோ. வச்சியா, வைக்கலையா?”

“வச்சேன்.”

“வச்ச கல்லு எங்க?”

“உருண்டுருச்சு.”

“உருண்ட கல்லுல தடம் இருக்குமே. நான் தேடுனேன்ல.”

“மாப்ள, பொண்டாட்டி பொணத்த வச்சுக்கிட்டுத் தேடுனவன் கண்ணுக்குத் தடம் தெரியுமாடா?” என்று பவுன்ராசு நிதானமாகக் கேட்டார். “ஒரே பாட்டு. ஒனக்கும் சலிக்கல, எனக்கும் சாவு வரல. சோத்தத் தின்னு.”

மத்தியானத்துக்கு மேல் மேடுகள் செங்குத்தாக வந்தன. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. ஒச்சப்பனுக்கு விலாவில் ஏதோ ஒடிந்து மூச்சுக்கு மூச்சு குத்தியது, பவுன்ராசுக்கு ஒரு கண் மூடிக்கொண்டது. பதினைந்தாவது மேட்டில் பவுன்ராசு அடித்த அடியில் ஒச்சப்பனுக்குக் கொஞ்ச நேரம் பகல் தெரியவில்லை. தெரிந்தபோது எதிரே கடைசி மேடு நின்றது, வழுவழுவென்று ஒரே பாறை, அதற்கு மேலே வெறும் வானம். இடது பக்கம் ஆயிரம் அடிப் பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் பவுன்ராசு உட்கார்ந்திருந்தார், நடுவில் ஒச்சப்பன், வலது பக்கம் இன்னாசி.

பாதிப் பாறையில் வண்டி நின்றது. ஒச்சப்பனின் முறை.

அவர் அடித்தார். வண்டி ஏறவில்லை. முஷ்டியால் அடித்தார். இன்ஜின் இருமியது, ஏறவில்லை. மூன்றாவதாக அடித்தபோது அவருக்கே தெரிந்தது, கை போகிறது, கைக்குள் ஒன்றும் போகவில்லை. முப்பத்தொரு வருசமாகச் சேர்த்து வைத்திருந்ததைக் காலையிலிருந்து மேடு மேடாக அள்ளி வீசியாகிவிட்டது. தன் பக்கத்தில் ஒற்றைக் கண்ணும் பாதிப் பல்லுமாக உட்கார்ந்திருக்கிற கிழவனைப் பார்த்தார், பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் வந்ததுதான் அவருக்கு அன்றைக்குப் பட்டதிலேயே பெரிய அடி. சிட்டம்மாளை இரண்டாம் தடவை உருட்டிவிட்டதுபோல இருந்தது.

“அண்ணே,” என்றான் இன்னாசி. “பிரேக்கு நிக்கல. வழுக்குது.”

வண்டி ஒரு சாண் பின்னால் வந்தது.

“நான் எறங்கிக் கல்லு குடுக்குறேன்,” என்று பவுன்ராசு காலைத் தூக்கினார்.

“நீ எறங்காத,” என்றார் ஒச்சப்பன்.

“டேய், மூணு பேரும் போயிருவோம்டா.”

“போவோம். நீ கல்லுக்கு எறங்காத. உக்காரு.”

இன்னொரு சாண் வந்தது. பின்சக்கரத்துக்கு அடியில் பொடிக்கல் நழுவிப் பள்ளத்தில் விழுந்தது, விழுந்த சத்தம் வர நேரம் ஆனது. இன்னாசி அழுதுகொண்டே மாதாவைக் கூப்பிட்டான், அவனுக்கு மூன்று பெண் பிள்ளைகள். பவுன்ராசு இன்னாசியைப் பார்த்தார், பிறகு ஒச்சப்பனைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

“வைக்கலடா,” என்றார்.

ஒச்சப்பன் அவர் பக்கம் திரும்பினார்.

“பீடி பத்த வச்சுக்கிட்டிருந்தேன். காத்துல அணைஞ்சு அணைஞ்சு போச்சு. கல்லு எட்டடி தள்ளிக் கெடந்துச்சு, பத்த வச்சுட்டு எடுத்துக்கலாம்னு வச்சாச்சுன்னு கத்திட்டேன். வண்டி போறப்ப அவ என்னையத்தான் பாத்தா. ஒன்னைய இல்ல. போதுமா?”

ஒச்சப்பனுக்குள் எங்கேயோ அடியில் கிடந்தது கிளம்பி வந்தது. கையை ஓங்கினதை அவர் அறியவில்லை. பவுன்ராசுவின் தலை கூரைக் கம்பியில் போய் மோதின சத்தம் எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. ஜீப், அவிழ்த்துவிட்ட காளைபோல, பாறையைச் சீவிக்கொண்டு ஏறி உச்சியைத் தாண்டிச் சமதரையில் போய் நின்றது.

அங்கிருந்து அந்தப் பக்கத்து நாடு முழுவதும் தெரிந்தது. தென்னந்தோப்பு, ஓட்டு வீடுகள், தூரத்தில் தார் ரோட்டில் ஒரு பஸ். உச்சியிலிருந்து கீழேவரைக்கும் இறக்கம்தான், மேடே இல்லை. “தெறந்துருச்சுண்ணே!” என்று இன்னாசி கத்தினான். பிறகுதான் திரும்பிப் பார்த்தான்.

பவுன்ராசுவுக்குக் காதிலிருந்து ரத்தம் வந்தது. தாடை ஒரு பக்கமாகப் போயிருந்தது. கண் திறந்திருந்தது, மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. ஒச்சப்பன் அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

“டேய். நெசமாத்தான் சொன்னியா? வைக்கலையா?”

பவுன்ராசு தலையை ஆட்டினார். ஆமாம்.

ஒச்சப்பனுக்கு அது போதும் என்றுதான் முதலில் தோன்றியது. முப்பத்தொரு வருசம் கேட்டது வந்துவிட்டது. ஆனால் அந்தத் தலை ஆடின விதத்தில், சோற்றைத் தின்னு என்று சொன்னபோது இருந்த அதே நிதானம் இருந்தது.

“இல்ல, எனக்குக் கோவம் வரணும், வண்டி ஏறணும்னு சொன்னியா?”

அதற்கும் பவுன்ராசு தலையை ஆட்டினார். ஆமாம்.

“ரெண்டுல எதுடா?”

“அண்ணே,” என்றான் இன்னாசி, “ரெண்டுக்கும் சேத்து அவருக்கு ஒரு தலைதானே இருக்கு. கீழ ஆசுபத்திரிக்குப் போவோம்ணே.”

இறங்கினார்கள். காட்டு ரோடு கல்லும் குழியுமாக இருந்தது, வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனது. ஒச்சப்பன் மடியிலிருந்த தலையிடம் கேட்டுக்கொண்டே வந்தார். கல்லு வைக்கலதானே? தலை ஆமாம் என்று ஆடியது. எனக்காகச் சொன்னதா? ஆமாம் என்று ஆடியது. அவ ஒன்னையவா பாத்தா? ஆமாம். என்னையத்தானே பாத்தா? ஆமாம். ஒரு முடக்குக்கு ஒரு தடவை கேட்டார், பிறகு ஒரு குழிக்கு ஒரு தடவை கேட்டார், மாற்றி மாற்றிக் கேட்டார், எந்தக் கேள்விக்கும் பவுன்ராசு இல்லை என்று சொல்லவில்லை. எந்த இடத்தில் அவர் ஆட்டுவது நின்று ரோடு ஆட்டுவது ஆரம்பித்தது என்று ஒச்சப்பனுக்குத் தெரியாது. மடியிலிருந்த தலை கனத்துக்கொண்டே வந்தது மட்டும் தெரிந்தது.

பொழுது சாயத் தார் ரோடு வந்தது. புதுசாகப் போட்ட ரோடு, பளபளவென்று, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் தென்னந்தோப்புக்கு நடுவில் நேராகப் போனது. இன்னாசி ஒச்சப்பனின் மடியைத் திரும்பிப் பார்த்தான், சிலுவை போட்டுக்கொண்டான், வண்டியைத் தார் ரோட்டில் ஏற்றத் திருப்பினான்.

“அதுல ஏத்தாத,” என்றார் ஒச்சப்பன்.

“அண்ணே...”

“ஓரத்துல மண்ணுல ஓட்டு. குழி பாத்து ஓட்டு.”

இன்னாசி வண்டியை மண்ணில் இறக்கினான். முதல் குழியில் விழுந்து எழுந்தது. ஒச்சப்பன் குனிந்து, முதலிலிருந்து கேட்கத் தொடங்கினார்.